எருமை மலையில் குஞ்சம்மா

குஞ்சம்மாவை நினைத்ததும் அவருடைய சப்பாத்துதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அவர் சமைக்கிற நர்சிங் ஹோம் குசினியின் ஈரத் தரையில் வழுக்காமல் இருப்பதற்காகப் போடுகிற, அடி தடித்த கறுப்புச் சப்பாத்து. அதற்கு மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரச் சேலை. சேலைக்கு மேலே, குளிருக்கு, என்னுடைய பழைய பல்கலைக்கழக ஜக்கெற். இந்தக் கோலத்தில் அவர் மவுண்ட் பஃபலோவின் உச்சிப் பாறையில் இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறார். காற்று முந்தானையைப் பிடுங்குகிறது. அதைப் பிடிப்பதா, கம்பியைப் பிடிப்பதா என்று சற்று யோசித்துவிட்டு, முந்தானையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியோடேயே நின்றுவிட்டார். உயரம் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

குஞ்சம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. தாயின் தங்கையை மற்றவர்கள் சித்தி என்பார்கள், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் குஞ்சம்மா. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாதகத்தில் செவ்வாய் என்று சில காலம், நாட்டில் சண்டை என்று சில காலம், அப்பா இறந்தபின் அம்மாவுக்குத் துணையாக மெல்பேர்ணுக்கு வந்து என்னை வளர்த்தது மிச்சக் காலம். யாராவது ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார், பல்வைத்தியரிடம் போகாததற்குச் சாட்டுச் சொல்வதுபோல. ரோவில் என்ற புறநகரில் எங்கள் வீட்டின் பின்னறை அவருடையது. காலையில் நர்சிங் ஹோமில் ஐம்பது வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்தக் குறையெல்லாம் தீர எங்களுக்கு உறைப்பாகச் சமைப்பார்.

அவர் பட்டுச்சேலையோடு மலையேறிய காரணம் நான். எனக்கு முப்பத்தொரு வயதில் ஒரு கல்யாணம் முற்றாகி, மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் கொடுத்து முடித்த பிறகு, மாப்பிள்ளை தனக்கு மனமில்லை என்று சொல்லிவிட்டார். மனமில்லாதவரோடு கோபிக்க என்ன இருக்கிறது. ஊர் வாய்தான் பொறுக்க முடியாததாக இருந்தது. த பேசின் என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனால், பிரகாரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நாலு அன்ரிமார் என் கையைப் பிடித்து, "என்ன பிள்ளை நடந்தது, உண்மையைச் சொல்லு" என்பார்கள். அந்தக் கைகளில் அன்பும் இருந்தது, அதுதான் இன்னும் கஷ்டம். ஒரு வருடத்துக்கு மேல் நான் கோயிற்பக்கம் போகவில்லை. தமிழ்க் கடைக்குக்கூட அம்மாவைத்தான் அனுப்புவேன்.

பிறகு கிளென் வேவர்லியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று, நல்ல பொருத்தம். இனி ஆளை ஆள் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களிடையே இதற்கு ஒரு முறை உண்டு. யாரும் யாருடைய வீட்டுக்கும் போவதில்லை. இரு பகுதியும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்து, நாலு வார்த்தை கதைத்து, தற்செயலாகப் பிரிந்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் மானக்கேடு இல்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவே இல்லை. முறை என்னவோ அருமையான முறைதான். ஆனால் மெல்பேர்ணில் அந்தக் கோயிலில் நிற்பவர்களில் பாதிப்பேர் இந்த வேலைக்காக வந்தவர்கள், மீதிப்பேர் அதைப் பார்க்க வந்தவர்கள். நான் அம்மாவிடம் தீர்மானமாகச் சொன்னேன். கோயிலுக்கு வரமாட்டேன். இன்னொரு தரம் ஒருவன் என்னை வேண்டாம் என்று சொல்லி, அதை இந்தச் சனம் அறிந்தால், நான் இந்த நகரத்தை விட்டே போய்விடுவேன். சும்மா வெருட்டவில்லை. பேர்த் நகரில் ஒரு வேலைக்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன்.

அம்மா அழுதார். குஞ்சம்மா அழவில்லை. "ஒரு குருவிக்கும் தெரியாமல் நான் செய்து தாறன்" என்று பொறுப்பெடுத்துக்கொண்டார். எப்படி எடுத்தார் என்பதுதான் கதை. அடுத்த இரண்டு கிழமையும் அவர் கண்ட இடமெல்லாம் விசாரித்தார். நர்சிங் ஹோமில் அவரோடு சமைத்த இத்தாலியப் பெண்மணி மேர்டில்ஃபோர்டில் வளர்ந்தவர். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் பஃபலோ என்று ஒரு மலை இருக்கிறது, மெல்பேர்ணில் இருந்து நாலு மணித்தியால ஓட்டம், உங்கள் ஆட்களை அங்கே நான் கண்டதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். குஞ்சம்மா அத்தோடு விட்டாரா? ஊர்ஜிதம் செய்ய வேண்டும் அல்லவா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும், "மவுண்ட் பஃபலோவுக்குப் போயிருக்கிறீங்களோ? நல்ல வடிவான இடமாம்" என்று கேட்டார். ஒருவரும் போகவில்லை. வெற்றியோடு வீட்டுக்கு வந்தார்.

அம்மாவுக்கு மலையின் பேர் பிடிக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு எருமையிலையே ஏறுறது? அது எமன்ர வாகனமெல்லே."

"எமன் வந்தாலும் பரவாயில்லை அக்கா, எங்கட சனம் வராட்டிப் போதும்" என்றார் குஞ்சம்மா.

இங்கே வசந்தம் முடிகிற நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய முன் புறப்பட்டோம். நான் கார் ஓட்ட, பக்கத்தில் அம்மா, பின்னால் குஞ்சம்மா, அவர் மடியில் பயத்தம் பணியாரமும் முறுக்கும் அடுக்கிய தட்டம். நான் சேலை உடுக்க மாட்டேன் என்று ஜீன்ஸோடு வந்திருந்தேன். சும்மா மலை பார்க்க வந்தவள் போல இருக்க வேண்டும் என்பது என் வாதம். பெண் பகுதியில் ஒருத்தராவது மரியாதையாக உடுத்தியிருக்க வேண்டும் என்பது குஞ்சம்மாவின் வாதம், அதனால்தான் அந்தக் காஞ்சிபுரம். பொறெபங்கா என்ற ஊரைத் தாண்டியதும் பாதை மலையில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் குஞ்சம்மா பின்னால் இருந்து பிள்ளையாரைக் கூப்பிட்டார். மேலே செங்குத்தான கல் மலையின் விளிம்பில், பூட்டிக் கிடந்த பழைய மரவிடுதியைக் கடந்தோம். மரங்களுக்கிடையில் ஏரி ஒன்று தெரிந்தது. அதற்கப்பால் கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம், என்று ஒரு பெரும் பாறைக் கூட்டம். பேரைச் சொன்னதும், எந்தச் சாமி என்று கேளாமலே குஞ்சம்மா கும்பிட்டுக்கொண்டார். பக்கத்துப் பாறைக்கு ஹம்ப், திமில் என்று பேர். எருமைக்கு ஏது திமில், வெள்ளைக்காரன் மாட்டையே சரியாகப் பார்க்கவில்லை என்று அம்மா குறை பிடித்தார்.

ஆக உயரத்தில் இருப்பது ஹோர்ன், அதாவது எருமையின் கொம்பு. கொம்பின் அடிவாரம்வரை கார் போகும். அங்கே ஒரு கல் மண்டபமும் சில மேசைகளும் உண்டு. அதிலிருந்து உச்சிக்கு அரை மணிக்குள் ஏறிவிடலாம். பாறை இடுக்குகளில் கரையாத பனி அழுக்கு வெள்ளையாகக் கிடந்தது. குளிருக்கு முறுகி வளர்ந்த ஸ்னோ கம் மரங்களில் பட்டை உரிந்து பச்சையும் சிவப்புமாக மினுங்கியது. சொன்னபடி மாப்பிள்ளை பகுதி தற்செயலாக வந்து சேர்ந்தது. மாப்பிள்ளைப் பெடியன், அவன் தாய், தாயின் தம்பி. தாய்மாமன் மனைவியை இழந்தவர், டண்டினோங் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். மெலிந்த மனிதர், அதிகம் கதைக்கவில்லை. பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, இவ்வளவு தூரம் வந்தது வீண்போகாது என்று எனக்குத் தோன்றியது. மேசையில் தட்டத்தைத் திறந்து வைத்து, பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றி ஒரு வாய் குடிக்கவில்லை, வளைவில் இரண்டு மினி பஸ்கள் திரும்பி வந்தன.

முதல் பஸ்ஸில் இருந்து இறங்கியவர் எங்கள் பகுதித் தமிழ் மூத்தோர் சங்கத் தலைவர். அவருக்குப் பின்னால் தொப்பியும் கைத்தடியும் பிளாஸ்குமாக இருபது இருபத்தைந்து பேர். கோயில் வரிசையில் குஞ்சம்மா வடிவான இடம் என்று விசாரித்ததைக் கேட்டுத்தான், இந்த வருடச் சுற்றுலாவுக்குத் தலைவர் இந்த மலையையே தெரிவுசெய்திருக்கிறார். குஞ்சம்மாவைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்கள் சொன்ன இடம்தான், நல்லாய் இருக்கு" என்றார். அம்மாவின் முகத்தில் இரத்தமில்லை. பட்டுச்சேலை, பலகாரத் தட்டம், முன்னே பின்னே தெரியாத ஒரு குடும்பம், இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும். தலைவரின் மனைவி எங்கள் மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பார்வையை என்னில் நிறுத்தினார்.

"என்ன விசேஷம்? பொம்பிளை பாக்கிற அலுவல் போல கிடக்கு."

"ஓம், என்னைத்தான்" என்றார் குஞ்சம்மா. கேள்வி முடியக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது. தாய்மாமனைக் கையால் காட்டி, "இவருக்கு. பிள்ளையள் துணைக்கு வந்தவை" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய் கையில் எடுத்த முறுக்கைத் திரும்பத் தட்டத்தில் வைத்தார். பெடியன் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினான். எல்லோரும் தாய்மாமனைப் பார்த்தார்கள். அந்த மனிதர் கையில் இருந்த தேநீரை அவசரப்படாமல் குடித்து முடித்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "ஓம்" என்றார். சொன்னதோடு நிற்காமல் எழுந்து வந்து குஞ்சம்மாவுக்கு எதிரே இருந்துகொண்டு, முறைப்படி விசாரிக்கத் தொடங்கினார்.

"வேலை எங்கை?"

"நர்சிங் ஹோம் குசினியிலை."

"சைவமோ, மச்சமோ?"

"வெள்ளியும் செவ்வாயும் சைவம். மற்ற நாளையிலை எல்லாம் சாப்பிடுவன், சமைப்பன்."

"நான் ஷிஃப்ட் வேலை. நேரங்கெட்ட நேரத்திலை வருவன்."

"நானும் அப்பிடித்தான்" என்றார் குஞ்சம்மா.

மூத்தோர் சங்கம் சுற்றி நின்று கேட்டது. சுற்றுலாவுக்குக் கொடுத்த காசு அவர்களுக்கு அங்கேயே செமித்துவிட்டது. தலைவரின் மனைவி, இருவரும் உச்சிக்குப் போய் ஆறுதலாகக் கதைத்துவிட்டு வர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஐம்பத்துநாலு வயதுப் பெண்ணைத் தனியே அனுப்புவது சரியில்லை என்று, காவலுக்கு என்னையும் பெடியனையும் பின்னால் போகச் சொன்னார். எங்களைத் தனியே கதைக்க விடுவதற்கு அம்மாவும் அந்தத் தாயும் ஒரு மாதமாகப் போட்ட திட்டத்தை, அந்த அன்ரி தன் வாயாலேயே நடத்திவைத்தார்.

அப்படித்தான் உயரத்துக்குப் பயந்த குஞ்சம்மா கொம்பில் ஏறினார். ஏணிபோல அடுக்கிய கற்படிகளில் தாய்மாமன் முன்னால் போய், ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தார். கையை நீட்டவில்லை, நின்றார், அவ்வளவுதான். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சுற்றிவர எதிரே தெரியும் மலைகளின் பேர்களை ஒரு தகட்டில் பொறித்து வைத்திருந்தார்கள். பெடியன் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். ஃபெதர்ரொப், அதன் தலையில் இன்னும் வெள்ளைக் கோடுகள் இருந்தன. பக்கத்தில் ஹோதம். வடக்கே தள்ளி, முதுகு காட்டிப் படுத்த மாதிரி பொகோங். கீழே பார்த்தால் நாங்கள் வந்த பாதை, ஏரி, கதீட்ரல் எல்லாம் மேசையில் வைத்த பொருள்கள்போலக் கிடந்தன. நான் அவனிடம் என் குழம்பிப்போன கல்யாணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அது எனக்கே பயமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, கம்பியைப் பிடித்து முந்தானையைக் கடித்தபடி குஞ்சம்மாவும், காற்றுக்கு மறைப்பாக அந்த மனிதரும் நின்றார்கள். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

புதன்கிழமை அந்தத் தாய் அம்மாவுக்குப் போன் எடுத்தார். பெடியனுக்கு இப்போது மனமில்லையாம். பொருத்தத்தையும் இன்னொரு சாத்திரியிடம் காட்டினார்களாம், அவ்வளவு திருப்தியில்லையாம். உண்மைக் காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் என் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அவமானத்தை விட, அவனைப் பிடித்திருந்ததால் வந்த அழுகை அது. குஞ்சம்மா கதவைத் தட்டவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு இருந்து வெங்காயம் உரித்தார். உரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் எதிர்பார்த்துப் பயந்தது நடக்கவில்லை. தைப்பொங்கலன்று அம்மா வற்புறுத்திக் கூட்டிப்போனபோது, கோயிலில் ஒருத்தரும் என் கையைப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு என்னை விட ருசியான சங்கதி கிடைத்திருந்தது. குஞ்சம்மாவுக்கு மலைப் பொம்பிளை என்று பேரே வைத்துவிட்டார்கள். ஐம்பத்துநாலு வயதில் மலையேறிப் போய் மாப்பிள்ளைக்குத் தன்னைக் காட்டின பொம்பிளை. "என்ன, மலையான் என்ன சொல்லுறார்?" என்று மடப்பள்ளி வாசலில் கேட்பார்கள். குஞ்சம்மா சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டு, "அவருக்கு என்னைப் பிடிக்கேல்லையாம், நிறம் காணாதாம்" என்று சொல்லித் தானும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காதவர்கள் பரிதாபப்பட்டார்கள், அதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு வரவேண்டிய 'ஐயோ பாவம்' எல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. நான் பேர்த்துக்குப் போகவில்லை. நிமிர்ந்து நடந்தேன், கடைக்குப் போனேன், மனிதர்களோடு கதைத்தேன். இரண்டு வருடத்தில் வேலையிடத்தில் சந்தித்த ஒரு மதுரைக்காரரைக் கட்டினேன். அதற்கு ஒரு மலையும் தேவைப்படவில்லை, அலுவலகத்துச் சமையலறை போதுமாயிருந்தது.

போன வருடக் கடைசியில் என் கணவர்தான் அந்த மலைக்குப் போவோம் என்றார். வீட்டில் பத்துத்தரம் கேட்ட கதை, இடத்தைப் பார்க்க வேண்டுமாம். இப்போது குஞ்சம்மாவுக்கு வயது அறுபத்தைந்து தாண்டிவிட்டது, வேலையையும் விட்டுவிட்டார். வரமாட்டார் என்று நினைத்தேன், முதல் ஆளாகக் காரில் ஏறி இருந்தார். அடிவாரத்தில் வெவ்வேறு மொழி பேசுகிற குடும்பங்கள் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவர்களில் மூன்று குடும்பம் தமிழ். இனி இங்கேயும் ஒருத்தரும் ஒளிக்க முடியாது.

"மெதுவா வாங்க சித்தி, நான் பிடிச்சுக்கிறேன்" என்று என் கணவர் கையைக் கொடுத்து அவரை உச்சிக்குக் கூட்டிவந்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மலைப் பேர்களை வாசித்துக்காட்டப் போனார். மகள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் குஞ்சம்மாவும் பாறையில் சாய்ந்து இருந்தோம். தெளிந்த வானம், ஃபெதர்ரொப்பில் இந்த முறை பனியில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, சோறு கறி பற்றிக் கதைக்கிற குரலில், "அவர் எனக்குப் போன் எடுத்தவர்" என்றார்.

"ஆர்?"

"பெடியன்ர மாமா. உங்கட அலுவல் சரிவராமல் போச்சுதெல்லே, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு. அண்டைக்கு மலையிலை தான் கேட்டதெல்லாம் சும்மா இல்லையாம், எனக்கு விருப்பமோ எண்டு கேட்டவர்."

நான் அவர் பக்கம் திரும்பி இருந்தேன். பத்து வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவள் நான். அதில் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் குஞ்சம்மா?"

"உன்னை வேண்டாமெண்ட வீடு பிள்ளை. அந்த மனுசி எனக்கு மச்சாளாய் வந்தால், நீ என்னைப் பாக்க வருவியே? வந்தாலும் வாசலிலை நிண்டிட்டுப் போயிருப்பாய்."

அது உண்மை. நான் வந்திருக்க மாட்டேன். "பிறகு ஏன் அவர்தான் உங்களை வேண்டாமெண்டு சொன்னதாய் ஊரெல்லாம் சொன்னனீங்கள்? எல்லாரும் சிரிச்சவையெல்லே" என்று கேட்டேன்.

"பின்னை, நான் வேண்டாமெண்டு சொன்னதாச் சொல்லி அந்த மனுசனைக் கேவலப்படுத்துறதே? அண்டைக்கு அவர் ஓம் எண்டு சொல்லாட்டி எங்கட நிலைமை என்ன?"

கீழிருந்து ஒரு குடும்பம் மூச்சு வாங்க ஏறி வந்தது. நாங்கள் காலை மடக்கி வழிவிட்டோம். அவர்கள் படம் எடுத்து முடித்து இறங்கும்வரை பொறுத்திருந்து, கேட்கக் கூடாதோ என்று யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு அவரைப் பிடிச்சிருந்ததோ?"

குஞ்சம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்தார். எதிரே இருந்த மலைகளை ஒரு கரையில் இருந்து மறுகரைவரை பார்த்தார். என் மகள் தகட்டில் இருந்த பேர்கள் எல்லாவற்றையும் வாசித்து முடித்து, திரும்ப முதலில் இருந்து தொடங்கிவிட்டாள்.

"ஓம்" என்றார்.